தொல்படிமமும் மதுரை மாணவரும்

ஆழ்நிலை உளவியலைப் பயிலும் இறையியல் மாணவர் பலர் கார்ல் குஸ்தாவ் யுங்கின் தொல்படிமக் கொள்கையை ஆர்வத்தோடு ஏற்கின்றனர். தாய், முதிய ஞானி, நிழல் முதலிய மூல வடிவங்கள் மாந்தர் அனைவரின் நனவிலியிலும் உறைகின்றன. கனவிலும் தொன்மத்திலும் தோன்றும் அவற்றை எதிர்கொண்டு தன்னுணர்வோடு இணைப்பவனே முழுமையை நோக்கி வளர்கிறான் என்பது, சீர்திருத்தச் சபைப் போதகரின் மகனான அவரது துணிபு. இக்கொள்கையின் இடரைக் காண, ரமண மகரிஷியைப் பற்றி அவர் எழுதிய முன்னுரை தக்க சான்றாகும். 1943-இல் மறைந்த ஹைன்ரிக் சிம்மரின் நூலை யுங் 1944-இல் இம்முன்னுரையுடன் வெளியிட்டார்.

1937-38-இல் இந்தியா வந்த யுங், திருவனந்தபுரம் வரை வந்தும் திருவண்ணாமலைக்குச் செல்லவில்லை. இந்நாடெங்கும் காணும் ஞானியின் வடிவமே ரமணரிடமும் விளங்குகிறது. எனவே அவரைத் தேடிச் செல்லத் தேவையில்லை என்னும் கருத்துப்படக் காரணம் கூறுகிறார். இங்கேதான் நாம் அவரோடு மாறுபடுகிறோம்.

அந்த ஞானி ஒரு காலத்தில் மதுரையில் பயின்ற வேங்கடராமன் என்னும் மாணவர். திருச்சுழியில் பிறந்து, 1892-இல் தந்தையை இழந்து, சிற்றப்பன் வீட்டில் வளர்ந்தவர். அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 1896-இல், பதினாறாம் வயதில், சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் மரண அச்சம் அவரைப் பற்றியது. பிணம்போல் படுத்து, இறப்பது எது என்று தம்முள் ஆராய்ந்தார். பின்னர் மீனாட்சி கோயிலில் அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் நின்று கண்ணீர் வடித்தார். சில வாரங்களில், தமையனின் கல்லூரிக் கட்டணத்திற்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டார்.

தந்தையின் மறைவுக்கும் நான்கே ஆண்டுகளில் வந்த அம்மரண அச்சத்திற்கும் தொடர்புண்டா? ஆழ்நிலை உளவியல் முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே. அவ்வினா அவர் கண்டடைந்ததைச் சிறுமைப்படுத்தாது. ஆயினும் 'ஞானி' என்னும் வகை கைக்கு வந்தவுடன் வினா அடங்கிவிடுகிறது. அதே முன்னுரையில், தாம் நேரில் சந்தித்த ரமணரின் அடியவராகிய எளிய மனிதரை யுங் போற்றுகிறார். ஞானத்தோடு குடும்பச் சுமையையும் அவர் தாங்கியதை வியக்கிறார். முகம் கண்ட இடத்தில் அவர் பார்வை கூர்மையாயிற்று என்பது நோக்கற்பாலது.

இக்குறையை நாமும் செய்திருக்கிறோம். மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் புதிதாக ஊழியம் ஏற்றபோது, பாம்பு துரத்தும் கனவால் உறக்கமிழந்த ஒரு தாயாரிடம் ஏதேனின் பாம்பையும் நனவிலியின் குறியீட்டையும் விளக்கினோம். "சரிங்க ஐயா" என்று அவர் எழுந்து சென்றார். அவருடைய கணவர் வயலில் பாம்பு தீண்டி இறந்தவர் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

தொல்படிமம் போதகருக்கு விளக்காகலாம்; எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தை மறைக்கும் திரையாதல் கூடாது. யாப்போக்கு ஆற்றங்கரையில் யாக்கோபின் பெயர் முதலில் கேட்கப்பட்டது. அதன் பின்னரே அவனுக்குப் புதுப்பெயர் அருளப்பட்டது.