கணவாயை மேலிருந்து காட்டும் பேருந்து

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிறவர்கள் வாளையாற்றைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதை விட்டுவிடுவார்கள். அடுத்து வருவது கஞ்சிக்கோடு. தொழிற்சாலைச் சுவர்கள், வரிசையாக நிற்கும் சரக்கு லாரிகள், நீண்டு கிடக்கும் தேசிய நெடுஞ்சாலை. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்துகொண்டிருக்கிறோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மூச்சுவாங்கும் ஏற்றம் இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை, ரயிலுக்குக்கூட ஒரு சுரங்கப்பாதை வேண்டியிருக்கவில்லை. சென்னையிலிருந்து பேப்பூர்க் கடற்கரை வரைக்குமான இருப்புப் பாதையை 1862-லேயே இந்த வழியாகப் போட்டு முடித்துவிட்டார்கள். சுமார் 1,600 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடரில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறெங்கும் இல்லை. வடக்கே நீலகிரிப் பக்கத்து மலைகள், தெற்கே ஆனைமலைத் தொடர், நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த நிலம். இவ்வளவு அகலமாக இருப்பதாலேயே உள்ளே இருக்கும்போது இது கணவாய் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை முழுதாகப் பார்க்க அதைவிட்டு விலகி மேலே ஏற வேண்டும். பாலக்காட்டிலிருந்து நெல்லியாம்பதி மலைக்குப் போகும் பேருந்து அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கணவாய், கஞ்சிக்கோட்டில் தோலுக்குத் தெரியும். தெருவாசலும் கொல்லைவாசலும் நேருக்கு நேர் திறந்து கிடக்கும் வீட்டில் காற்று எப்படி நுழைந்து வெளியேறுமோ, அப்படித்தான் இங்கே. ஆனி ஆடியில் அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து மேற்கிலிருந்து வரும். மார்கழி தையில் திசை மாறி, கிழக்குச் சமவெளியின் வறட்சியோடு வரும். கேரள மின்வாரியம் தன் முதல் காற்றாலைகளை நிறுவ இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. ஒவ்வொன்றும் 225 கிலோவாட் திறன் கொண்ட ஒன்பது காற்றாலைகள் 1995-இல் இங்கே சுழலத் தொடங்கின. கோவைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த இதமான காற்றும் இந்த வழியாகப் போனதுதான்.

பாலக்காட்டில் வண்டி மாறி நெம்மாராவை நோக்கிப் போகும் முதல் பகுதி தட்டையான வயல்வெளி. அவசரக்காரருக்கு இது வெறும் முன்னுரை. ஆனால் பனைகளைப் பாருங்கள். கேரளம் என்றால் தென்னை என்று பழகிய கண்ணுக்கு, நெல்வயலின் வரப்பில் கறுத்து நிமிர்ந்த பனைகள் வரிசை கட்டி நிற்பது தனிக் காட்சி. மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயன் 1969-இல் நூலாக வெளியிட்ட ‘கசாக்கின் இதிகாசம்’ நாவலுக்கு நிலம் தந்த தஸ்ராக் கிராமமும் பாலக்காட்டை ஒட்டிய இந்தப் பனைநாட்டில்தான் இருக்கிறது. காற்று வீசும்போது தென்னை அசையும், பனை ஒலிக்கும். வண்டி நிறுத்தத்தில் நிற்கும் அரை நிமிடத்தில் காய்ந்த ஓலைகளின் சலசலப்பு ஜன்னலுக்குள் வந்துவிடும். நடத்துநர் கயிற்றை இழுத்து இரட்டை மணி அடித்ததும் அது எஞ்சின் சத்தத்தில் கரையும்.

நெம்மாரா, வல்லங்கி வேலா திருவிழாவுக்குப் பேர்போன ஊர். பங்குனி பிற்பாதியில் யானை வரிசையும் வாணவேடிக்கையுமாக நிறையும் அந்த வயல்கள் மற்ற நாட்களில் அமைதியாக இருக்கும். அதைத் தாண்டினால் போத்துண்டி அணையும் வனத்துறைச் சோதனைச் சாவடியும். இங்கிருந்துதான் வண்டியின் குரல் மாறுகிறது. ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார்; எஞ்சின் கனத்து முனகத் தொடங்குகிறது.

பத்தளவில் இருக்கும் இந்தக் கொண்டை ஊசி வளைவுகளின் நயம், அவை காட்சியைத் தவணை முறையில் தருவது. முதலில் அணைநீர் ஜன்னலுக்குப் பக்கத்தில், மரங்களுக்கு இடையே துண்டு துண்டாக மினுங்கும். ஒரு வளைவு திரும்பியதும் அது மறைந்து, ஈரம் கசியும் பாறைச் சுவர் முகத்தருகே வரும்; பாறையில் பாசியும் சிறு பெரணிகளும். அடுத்த வளைவில் மறுபடி நீர், இப்போது ஒரு கரையோடு. இன்னும் மேலே போனால் நான்கு கரைகளோடும். தூரம் கூடக் கூட நீர் சிறுத்து, உருவம் முழுமையாகிறது. காரில் பறப்பவருக்கு இந்த வளர்ச்சி தெரியாது. எதிர்வண்டிக்காக ஒலிப்பான் அடித்து, ஒதுங்கி, வழிவிட்டு, மீண்டும் முதல் கியரில் ஏறும் பேருந்தின் நிதானம் இதைக் காட்டும். இருக்கையும் காரைவிட உயரம். சாலையோரத் தடுப்புச்சுவர் பார்வையை மறைப்பதில்லை.

காடும் அப்படியே படிப்படியாக மாறுகிறது. அடிவாரத்தில் கோடையில் இலையுதிர்க்கும் தேக்கு. மேலே போகப் போக என்றும் பசுமை மாறாத சோலை. வெளிச்சம் குறைகிறது, காற்று குளிர்கிறது. கிளைகள் திடீரென்று குலுங்கினால் அது கருமந்தியாக இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வாழாத சிங்கவால் குரங்குகளுக்கும் இந்த மலைகள் வீடு.

மேலே கைகாட்டியில் சாலை பிரிகிறது. இங்கே நெல்லியாம்பதி மலைகள் 467 மீட்டரிலிருந்து 1,572 மீட்டர் வரை ஏறி இறங்குகின்றன. தேயிலை, நிழல் மரங்களுக்கடியில் காப்பி, மரத்தைச் சுற்றிய மிளகுக்கொடி, அரசின் ஆரஞ்சுப் பண்ணை. வண்டிக்குள் பேச்சும் மாறியிருக்கும். தோட்டத் தொழிலாளர்களில் தமிழர்கள் பலர். “அக்கா, அந்தப் பையைக் கொஞ்சம் தள்ளி வையுங்க” என்று தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும். இருவருக்கும் அது ஒரே பேச்சுத்தான்.

பயணத்தின் உச்சம் சீதார்குண்டு. தேயிலைச் சரிவின் முடிவில் நிலம் சட்டென்று அறுந்துவிடுகிறது. பாறை விளிம்பில் ஒற்றை நெல்லிமரம். பலரும் அதன் அடியில் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதைத் தாண்டியும் பார்க்க வேண்டும். செங்குத்தாகக் கீழே கொல்லங்கோட்டு வயல்கள். கண்ணாடித் துண்டுகளாகச் சுள்ளியாறு, மீன்கரை அணைகளின் நீர். வானம் தெளிந்த நாளில் வடக்கே தொலைவில் எதிர்மலை நீலக் கோடாக எழும். அந்தக் கோட்டுக்கும் நம் காலடிக்கும் நடுவே விரிந்து கிடப்பதுதான் கணவாய். காலையில் தூக்கக் கலக்கத்தோடு கடந்த நிலம் இதுதான் என்று அப்போதுதான் புரிகிறது.

அந்த வெளி பறவைக்கும் பெரிய தடை. சோலைக்கிளி என்று பறவை ஆர்வலர்கள் அழைக்கும் சிறு நீலப் பறவை உயர்மலைச் சோலையின் குளிரில் மட்டுமே வாழ்வது. கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருப்பதற்கு வயிற்றோரம் செம்பழுப்பு. தெற்கே இருப்பதற்கு வெள்ளை வயிறு. சூடான சமவெளியில் இறங்கிக் கடக்க முடியாமல், நெடுங்காலம் பிரிந்திருந்து இரண்டு இனங்களாகிவிட்டன. நாம் தூக்கக் கலக்கத்தில் கடந்துவிடும் இந்த வெளி, அவற்றுக்குப் பரிணாமத்தின் எல்லை.

இந்தச் சாலையைப் பழுதின்றிக் காப்பது எளிதல்ல. 2018 ஆகஸ்ட் பெருமழையில் மண் சரிந்து வழி அறுந்தபோது மேலே வாழும் மக்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டார்கள். சுற்றுலாப் பயணிக்கு இது காட்சிப் பாதை. அவர்களுக்கு அரிசியும் மருந்தும் வரும் ஒரே வழி. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021 முதல் குறைந்த கட்டணத்தில் நடத்தும் சுற்றுலாப் பேருந்துகளில் நெல்லியாம்பதியும் உண்டு. அதில் போங்கள், அல்லது ஊர் மக்களோடு வழக்கமான பேருந்தில் போங்கள். கடைசி வண்டி எப்போது என்று நடத்துநரிடம் முன்பே கேட்டு வையுங்கள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள். குழந்தைகளோடு போனால் ஜன்னலோரத்தை அவர்களுக்குக் கொடுத்து, கீழே தெரிவது கணவாய் என்று சொல்லிக் கொடுங்கள்.