சொம்பும் டீக்கடை டம்ளரும்

இந்தியாவில் வடிவமைப்புப் படிக்கிறவர்கள் பலருக்கும் முதலாண்டிலேயே ஒரு சொம்பு அறிமுகமாகிவிடும். சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி 1958 ஏப்ரலில் கொடுத்த ‘இந்தியா அறிக்கை’யில் வருகிற சொம்பு அது. சிறுதொழில்களுக்குக் கைகொடுக்க ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடம் எப்படி அமைய வேண்டும் என்று இந்திய அரசு கேட்டிருந்தது. செலவு ஃபோர்டு அறக்கட்டளையுடையது. நாடு முழுக்கச் சுற்றிவிட்டு, அவர்கள் சொம்பைப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும்? தூக்குவது இடுப்பிலா, தலையிலா? வெறுஞ்சொம்பின் பாரம் எங்கே நிற்கும், நிறைந்தால் எங்கே போகும்? வாய் எவ்வளவு அகலம் இருந்தால் கைவிட்டுத் துலக்க முடியும்? கல்லில் வைத்தால் என்ன சத்தம் வரும்? என்ன விலை, பழசானால் என்ன தேறும், ஒருவருக்குக் கொடுக்கும்போது மனசுக்கு எப்படி இருக்கும்? இத்தனைக்கும் விடையாக நிற்கிற இந்த வடிவத்தை எந்தத் தனி ஆளும் செய்யவில்லை, தலைமுறை தலைமுறையாகத் திரண்டு வந்தது என்றார்கள். மூன்றே ஆண்டில், 1961இல், அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) தொடங்கியது.

அருமையான பட்டியல்தான். ஆனால் நம் ஊரில் தண்ணீர்ப் பாத்திரம் என்றதும் முதலில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி அதில் இல்லை: அந்தச் சொம்பை யார் தொடலாம்?

வடிவமைப்புக் கோட்பாட்டையும் அதன் சமூகப் பின்னணியையும் பல்கலைக்கழகங்கள் கற்பித்துவந்த கதையைப் பார்த்தால், இப்படி விடுபட்ட கேள்விகள் ஒவ்வொன்றாகப் பாடத்துக்குள் வந்த கதையாகவே அது இருக்கிறது. ஒன்றும் தானாக வரவில்லை.

பிரிட்டனில் கோட்பாடு வகுப்புக்குள் வந்ததற்குக் காரணம் அந்தஸ்து. கலைக் கல்லூரிப் படிப்பைப் பட்டத்துக்கு இணையாக்க 1960இல் கோல்ட்ஸ்ட்ரீம் குழு முனைந்தபோது, பாட நேரத்தில் சுமார் 15 சதவீதத்தைக் கலை வரலாற்றுக்கும் துணைப்பாடங்களுக்கும் ஒதுக்கச் சொன்னது. நாளைக்குக் கெட்டில் வடிவமைக்கப் போகிற பையனுக்கு மறுமலர்ச்சிக்கால ஓவியம் என்று பாடம் நடந்தது. அதில் வந்த எரிச்சலுக்கு ஒரு நல்ல பலனும் உண்டு. எங்கள் பொருள்களின் வரலாறு எங்கே என்று கேட்டவர்கள் 1977இல் வடிவமைப்பு வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினார்கள். அந்த வரலாற்றுக்குள்ளும் ஒரு ஓட்டை இருந்தது. 1986இல் வடிவமைப்பு வரலாற்றாசிரியர் செரில் பக்லி அதில் விரல் வைத்தார். தனி மேதையின் பெயரைத் தேடித் தேடி எழுதுகிற வரலாற்றில் பெண்கள் காணாமல் போவதில் வியப்பில்லை. வீட்டில் தைத்ததும் பின்னியதும் ‘கைவேலை’ என்று தள்ளிவைக்கப்பட்டுவிடுகிறதே என்றார். எல்லாரும் கொண்டாடும் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியிலேயே (1919–1933) பெண்களைப் பெரும்பாலும் நெசவுக்கூடத்துக்குத்தான் அனுப்பினார்கள்.

அதே ஜெர்மனியில் உல்ம் நகரத்துப் பள்ளி இன்னொரு வழியில் போனது. 1953 முதல் 1968 வரைதான் அது நடந்தது. 1957இல் பள்ளியின் முதல் தலைவர் மாக்ஸ் பில் விலகிய பிறகு, தோமாஸ் மால்டொனாடோ போன்றவர்கள் சமூகவியலையும் குறியியலையும் பாடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். மாநில அரசு நிதியை வெட்ட, பள்ளி மூடப்பட்டது. அங்கே படித்த சுதாகர் நட்கர்ணிதான் பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1969இல் தொடங்கிய தொழில்துறை வடிவமைப்பு மையத்தை வளர்த்தெடுத்தவர். ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார் அந்த மையத்தில் தமிழ் எழுத்துருவில் முனைவர் ஆய்வு செய்தவர். 2010இல் நாடு ஏற்றுக்கொண்ட அந்தக் குறியை விட்டுவிட்டு, 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் ‘ரூ’ இடம்பெற்றதையும் பார்த்தோம். கோடு, வளைவு, சமச்சீர் என்று பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு பருவம் முழுக்கப் பேச இது போதும்.

பொருளுக்குள் அரசியல் இருக்கிறதா என்ற கேள்விக்கு வகுப்புகளில் அதிகம் படிக்கப்படுவது லாங்டன் வின்னர் 1980இல் எழுதிய கட்டுரை. நியூயார்க்கின் பொதுப்பணிகளை ஆண்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் லாங் ஐலண்ட் சாலைகளின் மேம்பாலங்களை வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டினார், பேருந்தில் வரும் ஏழைகளும் கறுப்பின மக்களும் கடற்கரைக்குப் போகக்கூடாது என்பதற்காக என்று அதில் வருகிறது. வின்னருக்கு ஆதாரம் ராபர்ட் கேரோ எழுதிய மோசஸ் வாழ்க்கை வரலாறு. 1999இல் பெர்ன்வார்ட் யோர்கெஸ் இதை மறுத்தார். அந்தச் சாலைகளில் பேருந்துகளுக்கு ஏற்கெனவே தடை இருந்தது, பாலத்தின் உயரம் தனியாக என்ன சாதித்திருக்கும் என்றார். வின்னரை மட்டும் படிக்க வைத்து அனுப்புகிற ஆசிரியர் கோட்பாட்டை வேதமாக்கிவிடுகிறார். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிற வகுப்பில்தான், பாலத்தின் உயரத்தைப் பார்ப்பதோடு அந்தச் சாலையின் சட்டத்தையும் தேடிப் பார்க்க வேண்டும் என்று மாணவருக்குப் புரிகிறது.

என் கணக்கில் இந்தத் துறையின் மிக நேர்மையான சோதனை ஸ்காண்டிநேவியாவில் நடந்தது. அச்சகங்களுக்குக் கணினி வரப்போகிறது என்ற பயம் பரவியிருந்த நேரம். 1981இல் ‘யுடோப்பியா’ என்ற திட்டத்தில் ஆய்வாளர்களும் அச்சுத் தொழிற்சங்கத்தினரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, அதன்மேல் ‘லேசர் பிரிண்டர்’ என்று எழுதி மேசையில் வைத்தார்கள். பக்கம் அமைக்கிற தொழிலாளி அந்த வெற்றுப் பெட்டியை வைத்துக்கொண்டு தன் வேலையைச் செய்துகாட்டினார். எது எட்டவில்லை, எது இடிக்கிறது என்று அவரே சொன்னார். கருவி செய்யப்படுவதற்கு முன்பே அதைப் பயன்படுத்தப் போகிறவருக்கு அதன்மீது பேச்சுரிமை கிடைத்தது. இதோடு ஒப்பிட்டால், சமூகப் பொறுப்பைப் பேசிய வடிவமைப்பாளர் விக்டர் பபனெக்கின் 1971ஆம் ஆண்டுப் புத்தகத்தைத்தான் எல்லாக் கல்லூரியும் மேற்கோள் காட்டுகிறது. பழைய தகர டப்பாவில் அவர் செய்த மலிவு ரேடியோவின் படமும் கூடவே வரும். நல்ல மனதோடு செய்த வேலை. இருந்தாலும் ஏழைக்காக யோசிப்பதற்கும் ஏழையோடு உட்கார்ந்து யோசிப்பதற்கும் நடுவே தூரம் நிறைய.

நம்மிடமும் அப்படி உட்கார்ந்த முயற்சி ஒன்று உண்டு. 1975இல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் முன்னாள் இயக்குநர் ரவி மத்தாய், என்.ஐ.டி.யினரோடு சேர்ந்து ராஜஸ்தானின் ஜவாஜாவுக்குப் போனார். தோல் வேலை செய்யும் ரைகர் சமூகத்தினரும் நெசவாளர்களும் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது திட்டம். அவர்கள் செய்த பைகள் நகரத்துக் கடைகளுக்கு வந்தன. கைவினை மறுமலர்ச்சி என்று இதைப் பாராட்டி எழுதியவர்கள் பலர். தோலைத் தொட்டதற்காகவே தள்ளிவைக்கப்பட்டவர்கள் செய்த பை அது என்ற வரி மட்டும் அந்தப் பாராட்டுகளில் சன்னமாகவே வருகிறது. ‘கைவினைஞர்’ என்ற மரியாதையான சொல்லுக்குப் பின்னால் சாதி வசதியாக ஒளிந்துகொள்கிறது. மண் யாருடைய வேலை, தோல் யாருடைய வேலை, இரும்பு யாருடைய வேலை என்று கேட்காமல் இந்தியாவில் ‘மூலப்பொருள்’ என்ற பாடத்தை நடத்த முடியாது. நடத்துகிறார்கள்.

டீக்கடைக்கு வருவோம். தமிழ்நாட்டின் இரட்டைக் குவளையைத் தீண்டாமைக்கு எதிரான இயக்கங்கள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்குச் சிரட்டை. சில இடங்களில் தனியாகத் தொங்கும் அலுமினியக் குவளை, குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். இதற்குப் பிறகு பல கடைகளில் எறிந்துவிடுகிற கப் வந்தது. வடிவமைப்பு மாணவர் அதைப் பார்த்துச் சுகாதாரம், செலவு, குப்பை என்று மூன்று தலைப்பில் அறிக்கை எழுதிவிடுவார். கப் யாருக்குக் கிடைக்கிறது, டம்ளர் யாருக்குக் கிடைக்கிறது என்று ஒரு மணி நேரம் கடை வாசலில் நின்று எண்ணிப் பார்த்தால் நான்காவது தலைப்பு கிடைக்கலாம். எண்ணுவதற்குக் கோட்பாடு வேண்டியதில்லை. எண்ணத் தோன்றுவதற்கு வேண்டும். தியரி பேப்பர் என்று அலுத்துக்கொள்ளப்படும் அந்த வகுப்பின் வேலை அதுதான். மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரியில் உட்காருகிறவர்கள் அந்த நான்காவது தலைப்புக்கும் மதிப்பெண் போட்டால்தான் மாணவர் அதை நம்புவார். மாதிரியின் மெருகுக்கு மட்டும் மதிப்பெண் போட்டுவிட்டு, சமூகப் பொறுப்பு பற்றி இரண்டு வாக்கியம் பேசி முடிக்கிற ஜூரிகளால் பயனில்லை.

அடுத்த முறை முதலாண்டு வகுப்பில் ஈம்ஸின் சொம்புப் பயிற்சியைக் கொடுக்கிற ஆசிரியர்கள், சொம்புக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை டம்ளரையும் வையுங்கள். எந்தக் கடையிலிருந்து எடுத்து வர வேண்டும் என்பதை மாணவர்களே தேடட்டும்.