பச்சை உடம்புக்காரியிடம் என்ன ஜோக் அடிப்பது?

போன மாதம் தி.நகர் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பினார். பிள்ளை பெற்ற பெண்களுக்கான பெட்டி ஒன்றை விற்கப் போகிறார். வயிற்றில் கட்டும் பெல்ட், பெரிய சைஸ் நாப்கின், பிரசவ லேகியம், குளிக்கத் தைலம், எல்லாம் ஒரே பெட்டியில். "நீதான் பழசையெல்லாம் தோண்டிக்கிட்டு இருப்பியே, விளம்பர வாசகம் எப்படி இருக்குன்னு பாரு" என்றார்.

முதல் வரி: "பாப்பா வெளியே, தொப்பை உள்ளே!" அடுத்தது: "பத்தே நாளில் பழைய ஜீன்ஸ்!"

பொய் சொல்ல மாட்டேன், சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது வரவில்லை. பிரசவமாகி ஐந்தாம் நாள். தையல் வலிக்கிறது. பால் கட்டி மார்பு கல் மாதிரி இருக்கிறது. உதிரப்போக்கு நிற்கவில்லை. சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத் தூக்கம் கிடையாது. அவளிடம் போய் ஜீன்ஸைப் பற்றிப் பேசுகிறோம். இந்த ஜோக்கைக் கேட்டு அவளைத் தவிர மற்ற எல்லாரும் சிரிக்கலாம்.

"துணிச்சலா எழுதணும்னா இப்படித்தான்" என்று நண்பர் முன்மாதிரியாகக் காட்டியது அமெரிக்காவின் ஃப்ரீடா மாம் விளம்பரம். அதையும் பார்த்தேன். நடுராத்திரி குழந்தை அழுகிறது. அம்மா கட்டிலைப் பிடித்து எழுந்து, காலை அகட்டி அகட்டி பாத்ரூமுக்குப் போகிறாள். வலை மாதிரியான உள்ளாடை, தடிமனான பேட், சிறுநீர் கழிக்கவே பயம். ஒரு பாட்டிலால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொள்கிறாள். அவ்வளவுதான் படம். 2020 ஆஸ்கர் விழா ஒளிபரப்பில் இதைப் போட முடியாது என்று மறுத்துவிட்டார்கள். இதில் ஜோக்கே கிடையாது என்பதை நண்பர் கவனிக்கவில்லை. யாரும் வெளியே சொல்லாத ஒன்றை அப்படியே காட்டியதுதான் அங்கே துணிச்சல்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தூர்தர்ஷன் காலத்து உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் விளம்பரம் நாற்பது தாண்டிய எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நம்ம சென்னை டி.டி.கே. விற்ற சரக்கு. குழந்தை அழுகிறது என்றதும் ஒவ்வொரு தலைமுறை அம்மாவும் தன் மகளிடம், நீ குழந்தையாக இருந்தபோது அதைத்தான் கொடுத்தேன் என்கிறாள். விளம்பரமாகப் பார்த்தால் கச்சிதம். ஆனால் அதில் வரும் இளம் தாய்க்கு வேலை ஒன்றுதான், பெரியவர்கள் சொல்வதைச் செய்வது. அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று வரிசையில் நிற்கும் ஒருத்திகூடக் கேட்கவில்லை. போதாததற்கு, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது.

அதற்கும் முந்தியவர் கே.என். கேசரி. 1900இல் மதராஸில் கேசரி குடீரத்தைத் தொடங்கி, பெண்களுக்கான 'லோத்ரா' மருந்தை விற்றவர். மயிலாப்பூர், தி.நகர் கேசரி பள்ளிகள் அவர் பெயரில் இருப்பவைதான். 1928இல் பெண்களுக்காகவே 'கிருஹலக்ஷ்மி' என்ற தெலுங்கு மாத இதழையும் ஆரம்பித்தார். வியாபாரமும் அதில் கலந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் பெண்ணிடம் பேச ஒற்றை வரி போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். லேகியத்தால் கர்ப்பப்பை நோய் தீரும், உடம்பு இளைக்கும் என்றெல்லாம் எழுதினால் 1954ஆம் வருடத்து மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டம் குறுக்கே வரும். அதன் பட்டியலில் கர்ப்பப்பைக் கோளாறு, உடல் பருமன் இரண்டும் இருக்கின்றன.

நமக்குத் துணிச்சலான வார்த்தைகளுக்குப் பஞ்சமா? "பச்சை உடம்புக்காரி" என்று பாட்டிகள் சொல்வார்களே, அதைவிட நல்ல விளம்பர வாசகம் எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஆறாத உடம்பு, பார்த்துத் தொடு, வேலை வாங்காதே என்று எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. மயிலாப்பூரில் நான் லேகியம் வாங்கப் போன நாட்டு மருந்துக் கடையில் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனாம் நாள் சார்?" சுகப்பிரசவமா ஆபரேஷனா என்பது அடுத்த கேள்வி. நண்பரின் பி.டி.எஃப்.பில் இந்த இரண்டு கேள்வியும் இல்லை.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. எங்கள் பெண் பிறந்த பன்னிரண்டாம் நாள், அடையாறு வீட்டில், என் மனைவிக்கு உதிரம் திடீரென்று அதிகமானது. "அப்படித்தான் இருக்கும் மாப்பிள்ளை" என்றார் மாமியார். நாப்கின் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பூப்படமும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற பெருமையும்தான் இருந்தது. எது சாதாரணம், எது ஆபத்து என்று ஒரு வரி கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவது நாப்கினும் நனைந்தபோது, "ஏங்க, ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள். போனோம், பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் நண்பருக்கு இப்படி எழுதி அனுப்பினேன்:

"பச்சை உடம்பு. ஆறு வாரம் வரை உதிரம் போகும். சிவப்பு பழுப்பாகி, வெளுத்து, நிற்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய நாப்கின் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டி விழுந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ இந்தப் பெட்டியை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்ற நாட்களில் காபியை வேறு யாராவது போடட்டும்."

"கடைசி வரி சூப்பர். ஆனா பெட்டியை மூடுன்னு பெட்டி மேலேயே போட்டா எவன்டா வாங்குவான்?" என்றார். அன்று ராத்திரி அந்தப் பாக்கெட்டில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால், ஆயுசு முழுக்க அந்த பிராண்டைத்தான் வாங்கியிருப்பேன் என்றேன்.

ஜீன்ஸ் வரியை எடுத்துவிட்டார். தொப்பை வரி இன்னும் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கிறோம்.