விரல் உயர்ந்தால் நிற்கும் ராகம்

திருமண மண்டபத்தில் நாகஸ்வரக்காரருக்கு ஒரு சட்டம் உண்டு. சாஸ்திரிகள் விரலை உயர்த்தி ஆட்டினால், வாசித்துக்கொண்டிருப்பதை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். கல்யாணியில் பஞ்சமத்தைத் தாண்டி மேல் ஷட்ஜத்துக்கு ஏறிக்கொண்டிருக்கலாம், கீர்த்தனையின் சரணத்தில் பாதி வரியில் நிற்கலாம். அதெல்லாம் பேச்சே இல்லை. நாலு பக்கமும் “கெட்டி மேளம், கெட்டி மேளம்” என்று குரல் எழும்பும். தவில் உச்ச வேகத்தில் முழங்க, நாயனமும் அதோடு சேர்ந்து பாயும். தாலி ஏறி அட்சதை விழுந்ததும் மேளம் தணியும். விட்ட ராகத்தை விட்ட இடத்தில் எடுப்பதா, வேறொன்றைத் தொடங்குவதா என்பதை ஒரு மூச்சு இழுக்கும் நேரத்துக்குள் வித்வான் முடிவு செய்கிறார். ஒரு ராகம் பாதியில் நின்றது பந்தியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பலருக்குத் தெரியவே தெரியாது.

தும்மலோ அழுகையோ அமங்கலச் சொல்லோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதுதான் கெட்டி மேளத்துக்குச் சொல்லப்படும் காரணம். சபாக் கச்சேரியில் இரைச்சல் இசையைக் கெடுத்துவிடுமே என்று கவலைப்படுகிறோம். கல்யாணத்தில் இரைச்சலை மூடும் வேலையையே இசையிடம் கொடுத்திருக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் மேளக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவருகிறார்கள்.

வாசிக்கும்போது எதிர்பாராத குறுக்கீடு வந்தால் செய்யக்கூடியவை அடிப்படையில் இரண்டு. ஒன்று, நிறுத்துவது. 2012 ஜனவரியில் நியூயார்க்கில் மாலரின் ஒன்பதாவது சிம்பொனி முடியும் தறுவாயில் முன்வரிசையில் ஒருவருடைய செல்போன் அடித்தது. நடத்துநர் ஆலன் கில்பர்ட் இசைக்குழுவையே நிறுத்தி, ஒலி அடங்கும்வரை காத்திருந்து, பிறகு தொடர்ந்தார். உலகம் முழுக்க அது செய்தியானது. நமக்கும் அப்படி ஒருவர் உண்டு, கதையில். 1968-இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நாகஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரம் வெடிச் சத்தம் குறுக்கிட்டதும் வாசிப்பை நிறுத்திவிடுவார். அந்தக் கோபத்தைத் தமிழர்கள் இன்றும் ரசிக்கிறோம். ஆனால் நம் ஊர்க் கல்யாணத்தில் ஒரு நாயனக்காரர் அப்படி எழுந்து போனால் பொறுத்துக்கொள்வோமா? மாட்டோம். நிஜத்தில் அவரிடம் நாம் எதிர்பார்ப்பது இரண்டாவது வழியை: எது வந்தாலும் விழுங்கிக்கொண்டு வாசிப்பு நிற்காமல் போக வேண்டும்.

இந்த இரண்டாவது வழியின் பெருமையை முதலில் சொல்லியாக வேண்டும். அது வெறும் பொறுமை அன்று. நுட்பமாகக் கட்டப்பட்ட ஒரு முறை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலோ உத்திர வீதியிலோ புறப்பாடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபாதம்தாங்கிகளின் தோளில் உற்சவர் நம்பெருமாள் அசைந்து வருவார். எங்கே நிற்பார், எவ்வளவு நேரம் நிற்பார் என்பது உபயக்காரர், கூட்டம், மழை என்று பலவற்றைப் பொறுத்தது. அதனால் நடையில் வாசிப்பது எதுவும் நீட்டவும் சுருக்கவும் இடம்கொடுக்க வேண்டும். பல கோயில்களில் சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரியைப் பாருங்கள். கம்பீரநாட்டையில் அமைந்தது, சாகித்தியம் கிடையாது, தாளக்கட்டு மட்டுமே. வரி பாதியில் அறுந்தது என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. காலத்தை மாற்றி மாற்றி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், சுவாமி நின்ற இடத்தில் ஒரு தீர்மானம் வைத்து முடிக்கவும் செய்யலாம். தெருவில் என்ன நடக்கும் என்று தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டே அமைத்த இசை அது.

அதிர்வேட்டு வெடிக்கும்போது நல்ல நாயனக்காரர் செய்வதைக் கவனித்தால் இன்னும் விளங்கும். அந்த நேரத்தில் பிருகாவை அள்ளி வீசினால் யார் காதிலும் விழாது. அவர் ஒரு ஸ்வரத்தில் கார்வையாக நின்றுவிடுவார். வெடி அடங்கும்போது அந்த ஸ்வரம் அங்கேயே இருக்கும். கேட்பவர் கையைப் பிடித்து ராகத்துக்குள் திரும்பக் கூட்டிக்கொண்டு போகலாம். கோயில் மணியும் சேகண்டியும் தொடங்கினால் தவில்காரர் சொல்லை அடர்த்தியாக்கி அந்த ஒலியைத் தன் நடைக்குள் இழுத்துக்கொள்வார். குறுக்கீட்டோடு மல்லுக்கு நிற்பதில்லை, அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்கள்.

வெளியிலிருந்து வரும் தொல்லை இது. கருவியே தரும் தொல்லையும் உண்டு. நாகஸ்வரத்தின் உயிர் சீவாளி. காவிரிக் கரையில் வளரும் நாணலைப் பதப்படுத்திச் செய்வது. திருவாவடுதுறை அதற்குப் பெயர்போன ஊர். எச்சில் ஊறினால் ஒரு குரல், காற்றில் காய்ந்தால் ஒரு குரல், விளிம்பு விரிந்துவிட்டால் குரலே இல்லை. அதனால்தான் நாயனத்தில் நாலைந்து சீவாளிகள் கயிற்றில் கோத்துத் தொங்குகின்றன. வாசிப்பின் நடுவே ஒன்று கெட்டால் வித்வான் ஓரக்கண்ணால் பக்கத்து நாயனத்தைப் பார்க்கிறார். அவர் விட்ட ஸ்வரத்தைப் பக்கத்து நாயனம் அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஒத்து இறங்காமல் ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவர் பழைய சீவாளியைக் கெண்டையிலிருந்து உருவி, புதியதை உதட்டில் நனைத்துச் செருகி, தனக்குள் ஒரு தரம் ஊதிப் பார்த்து, அடுத்த சங்கதியில் சேர்ந்துகொள்கிறார். எதிரே நிற்பவருக்கு எதுவும் ஆனதாகவே தெரியாது.

இங்கே கவனிக்க வேண்டியது, சமாளித்தது ஓர் ஆள் இல்லை. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்ற முழு செட் சமாளித்தது. தடுமாறியவரைத் தாங்க எப்போதும் இன்னொருவர் பக்கத்தில் இருந்தார். இந்த வழக்கத்தின் முதல் குறையும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. செலவைக் குறைக்கிறோம் என்று ஒரு நாயனம், ஒரு தவில், ஒரு சுருதிப் பெட்டி என்று மேளத்தைச் சுருக்கிவிட்டோம். தாங்கிப் பிடித்த கட்டமைப்பைக் கழற்றி எடுத்துவிட்டு, “அவங்க எப்படியும் சமாளிச்சிடுவாங்க” என்ற பழைய நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். சீவாளி கெட்டால் இன்று தவில் மட்டும் தனியாக ஓடுகிறது; ராகம் நின்றுபோகிறது.

அடுத்த குறை, குறுக்கீடுகளின் குணமே மாறிவிட்டது. வெடிக்குத் திரி வைப்பவரும் மணியடிப்பவரும் கண்ணுக்குத் தெரிந்த மனிதர்கள். கற்பூரத் தட்டு மேலே எழும்போதே இப்போது மணி வரும் என்று தவில்காரர் கையைத் தயார் செய்துகொள்வார். தீபாராதனை முடிந்தால் மணி நிற்கும், அதற்கேற்பத் தீர்மானம் விழும். இன்று சிறிய கோயில்கள் பலவற்றில் சுவரில் மாட்டியிருக்கும் மின்சார மேள இயந்திரம் யாரையும் பார்ப்பதில்லை. முரசும் மணியும் ஒரே மோட்டாரில் சுழலும். அதன் லயம் அதற்கு. மேளம் வாசிக்க ஆள் வந்து உட்கார்ந்த நாளில்கூடப் பழக்கத்தில் பொத்தானைத் தட்டிவிடுகிறார்கள். எவ்வளவு பெரிய லய ஞானியானாலும் அதோடு ஒத்துப்போக வழியில்லை. திருச்சி மலைக்கோட்டைப் பக்கம் என்.எஸ்.பி. ரோட்டிலும் சின்னக்கடை வீதியிலும் வரும் ஊர்வலங்களுக்கும் இதே கதிதான். துணிக்கடை ஒலிபெருக்கி, பேருந்து ஹாரன், எதிர் வரிசையில் செல்போன் கடையின் பாட்டு எல்லாம் ஒரே நேரத்தில். இவற்றில் எதற்கும் முடிவு என்று ஒன்று கிடையாது. முடிவில்லாத சத்தத்தின் மேல் எவ்வளவு நேரம் கார்வை பிடிப்பது?

மண்டபங்களின் நிலைமையைச் சொல்லும்போது எனக்கு ஆற்றாமை வருகிறது. தில்லை நகரானாலும் உறையூரானாலும் காட்சி ஒன்றுதான். காலை முகூர்த்தத்துக்கு மேளம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கி ஆள் மைக்கைத் தட்டி “ஹலோ, செக்” சொல்கிறார். வீடியோக்காரர் தவிலுக்கும் நாயனத்துக்கும் நடுவில் விளக்கை நட்டுவைக்கிறார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போகிறது. கண்ஜாடையில் நடக்கும் இசைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அவருக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. நடுவே மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் துண்டுச் சீட்டில் சினிமாப் பாட்டு எழுதிக்கொண்டு வருகிறான். சபாவில் ஒரு பாடகர் பாடும்போது இதில் ஒன்றையாவது செய்யத் துணிவோமா? நாயனக்காரர் முகம் சுளிக்காமல் வாசிக்கிறார் என்பதாலேயே அவருக்கு இடைஞ்சலே இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம். அவருடைய திறமையை நம் கவனக்குறைவுக்குச் சாக்காக்கிவிட்டோம்.

இதன் விலையை இசையும் கொடுக்கிறது. குறுக்கீட்டைத் தாண்டிப் பிழைக்கக்கூடியதுதான் நாளடைவில் வாசிக்கப்படும். விளம்பத்தில் ஒரு தோடியை மந்திர ஸ்தாயியிலிருந்து மெல்ல எழுப்ப வேண்டுமானால், பத்து நிமிடம் யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாதவர் சின்னச் சின்ன உருப்படிகளாக, வேகமாக, உரத்து வாசித்துப் பழகுகிறார். பழக்கம் விரலில் ஏறுகிறது, பிறகு சீடருக்குப் போகிறது. மேளத்தில் ராக விஸ்தாரம் குறைந்துவருவதற்குக் கலைஞர்களின் சிரத்தைக் குறைவைக் காரணமாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாசிக்க விடாத கூட்டத்துக்குத்தான் அதில் பெரிய பங்கு.

இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்கள் இந்த மரபுக்கு உள்ளேயே இருந்தார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, தோடி என்றாலே நினைவுக்கு வருபவர், ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார். பாட்டு வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் மரியாதையைக் கேட்டு வாங்கினார். அதைக் கர்வம் என்று சொன்னவர்கள் உண்டு. தெருவில் எதையும் தாங்கி வாசிக்கத் தெரிந்த ஒருவர், தாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மறுத்ததாகவே நான் அதைப் பார்க்கிறேன். ஆந்திரத்துக் கரவதியில் 1924-இல் பிறந்து, தஞ்சைப் பாணியில் மனம் பறிகொடுத்து, ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்த ஷேக் சின்ன மௌலானா 1982-இல் இங்கே சாரதா நாகஸ்வர சங்கீத ஆசிரமத்தைத் தொடங்கினார். 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவர் வாசிப்பில் ராகம் அவசரமில்லாமல் விரியும். அந்த நிதானத்தைச் சொல்லித்தர அமைதியான ஓர் இடம் வேண்டும் என்பது அந்த ஆசிரமம் எழுந்ததிலேயே விளங்குகிறது.

அமைதி மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். 1939-இல் திருச்சி வானொலி நிலையம் வந்தது. குண்டூசி விழுந்தால் கேட்கும் ஸ்டூடியோ, ஆனால் சுவரில் கடிகாரம். விரல் உயர்த்தும் சாஸ்திரிகளின் இடத்தில் நிமிட முள் வந்து உட்கார்ந்துகொண்டது. சபாக்களிலும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்துபோகும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே மிருதங்கக்காரர் மோரா வைக்க வேண்டியிருக்கிறது. நாகஸ்வரத்துக்கோ பல சபாக்களில் மங்கல இசை என்ற பெயரில் விழாவின் முதல் அரைமணி கிடைக்கும். ரசிகர்கள் நாற்காலி தேடி உட்காரும் நேரம் அது. மேடையைக் கொடுத்துவிட்டு, தெருவின் சந்தடியையும் கூடவே கொடுக்கும் ஏற்பாடு.

தெருவா மேடையா என்பதைவிட, எந்த ஒலிக்கு எப்போது மற்றவை வழிவிடுகின்றன என்பதே கேள்வி. ஸ்ரீரங்கம் கோயில் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய இராப்பத்து உற்சவத்தில், ஆயிரக்கணக்கானோர் மொய்த்த நாளின் முடிவில், நம்பெருமாள் மூலஸ்தானத்துக்குத் திரும்பும்போது வீணை ஏகாந்தம் நடக்கிறது. மேளம் ஓய்ந்துவிடும், வீணை மட்டும் ஒலிக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அந்த வீணை எவ்வளவு மெல்லியதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெருங்கூட்டத்தில் நாயனத்தை ஓங்கி ஒலிக்கச் சொன்ன அதே கோயில், வீணைக்காக எல்லாவற்றையும் அடக்கியும் காட்டியிருக்கிறது. எல்லாக் குறுக்கீட்டையும் கலைஞரே தாங்கட்டும் என்று அது விடவில்லை. சத்தத்தைப் பங்கிட்டுக் கொடுத்தது. கல்யாண மண்டபத்துக்கு நாம் கொண்டுவந்தது இந்த மரபில் பாதியை மட்டும்தான்.

மீதிப் பாதியைக் கொண்டுவருவது பெரிய காரியமில்லை. முகூர்த்தத்துக்கு முன் அரைமணி நேரம் மண்டபத்தில் மேளத்தைத் தவிர வேறு ஒலி இருக்காது என்று ஒலிபெருக்கி ஆளிடம் முதல் நாளே சொல்லிவிடலாம். வாசிப்பவர் வந்த அன்று கோயில் இயந்திரத்தின் பொத்தானை அணைத்துவைக்கலாம். இரண்டாவது நாயனத்துக்கான கூலி ரிசப்ஷன் மேடையில் ஒரே இரவில் வாடிப்போகும் பூ அலங்காரத்தின் செலவில் ஒரு சிறு பங்கு. மேளத்துக்கு முன்பணம் கொடுக்கப் போகும்போது எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்கிறோம் அல்லவா? எந்த ராகத்தை விரிவாக வாசிக்க ஆசைப்படுகிறீர்கள், அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதையும் அப்போதே கேட்கலாம். கேட்டுக்கொண்ட நேரத்தை சாஸ்திரிகளிடமும் சொல்லிவைக்க வேண்டும்.