வட்டுக்கோட்டைத் தேவாலயம்: கட்டடமும் வரலாறும்

வட்டுக்கோட்டைப் பழைய தேவாலயத்தை ஒல்லாந்தர் கோயில் என்பாரும் அமெரிக்க மிஷன் கோயில் என்பாரும் உளர். ஆண்டவர் பெயரால் கட்டடத்தை அறியும் இம்முறை அதன் உண்மை வரலாற்றை மறைப்பதாகும்.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் சைவக் கோயில்களை இடித்தனர். கோயிற்பற்றுத்தோறும் கத்தோலிக்க ஆலயங்களை எழுப்பினர். வட்டுக்கோட்டை ஆலயமும் அவற்றுள் ஒன்று. 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனராயினும் ஆலயங்களை அழித்திலர்; தம் சமயத்துக்கு உரியனவாக்கினர். இவ்வாலயம் 1678இல் அவர்களாற் புதுப்பிக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்திற் சிதைந்து கிடந்த அதனை அமெரிக்க மிஷனரிமார் பெற்றுச் செப்பனிட்டனர். 1947 முதல் அது தென்னிந்தியத் திருச்சபைக்குரியது.

கத்தோலிக்க வழிபாட்டிற் பலிபீடமே நடுநாயகம். சீர்திருத்தச் சபையினர்க்கோ பிரசங்கபீடமே தலைமையானது. முன்னதற்குக் காட்சி வேண்டும். பின்னதற்குக் கேள்வி வேண்டும். நீண்டகன்ற மண்டபமும் தடித்த சுவரும் இரண்டுக்கும் இடங்கொடுத்தன. சமயம் மாறியும் சுவர் மாறாமைக்குக் காரணம் இதுவே.

மற்றொரு தொடர்ச்சியும் உண்டு. யாழ்ப்பாணத்து ஆலயங்களை விவரித்து 1672இல் நூல் வெளியிட்ட பால்தேயஸ் பாதிரியார், அவ்வாலயங்களிற் பயின்ற பிள்ளைகளின் தொகையையும் குறித்துள்ளார். ஆலயமே பள்ளியாயிருந்த அம்மரபின் உயர்நிலையே 1823இல் இங்குத் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரி எனலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அதன் மாணாக்கர். அதன் அதிபராயிருந்த ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் வெளியிட்டார். சைவத்தை ஒடுக்கிய காலத்தில் எழுந்த ஆலயத்தின் அருகிலேயே சைவ சித்தாந்தம் கற்கப்பட்டமை சிந்திக்கத்தக்கது. எனினும் அதுகொண்டு முன்னைய ஒடுக்குமுறையை மறத்தல் நேர்மையன்று.

அயலூராகிய சங்கானையிலும் முருகைக்கல்லும் சுண்ணச்சாந்துங்கொண்டு கட்டிய அக்காலத்து ஆலயம் உண்டு. அது இன்று கூரையற்ற சுவராக நிற்கின்றது. வட்டுக்கோட்டை ஆலயமோ இன்றும் வழிபாட்டிடமாய் விளங்குகின்றது. சுவரின் திண்மை மட்டுமே காத்திருக்குமாயின் இரண்டும் ஒருநிலையில் இருத்தல் வேண்டும். இதனைக் காத்தது ஊர்மக்களின் பயன்பாடேயாம். எனவே, இதன் வரலாற்றை எழுதுவோர் கட்டுவித்தோர் பெயரோடு அமையாது, புழங்கியோர் வரலாற்றையும் ஆராய்தல் கடனாகும்.