கண்ணால் ஏறிய மலை

கயிலையைப் பெயர்க்க வந்த இராவணன் உடனே அதன்மேல் கைவைப்பதில்லை. பார்க்கிறான். அம்மன்னூர் மாதவ சாக்கியார் (1917–2008) கேரளத்தின் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தில் அதை நடித்த ஒளிப்பதிவைப் பாருங்கள். கருவிழிகள் அடிவாரத்தில் தொடங்கி மெல்ல மெல்ல மேலேறுகின்றன. கழுத்து பின்னுக்குச் சாய்கிறது. பிறகு பார்வை பக்கவாட்டில் நீள்கிறது. வெறும் மேடையில், ஒரு குத்துவிளக்குக்கு முன்னால், மலை எழுந்து நின்றுவிடுகிறது.

கூடியாட்டம் பேச்சற்ற கலை அன்று. சுலோகமும் உண்டு, விதூஷகனின் மலையாளப் பேச்சும் உண்டு. ஆனால் ‘நிர்வஹணம்’ என்னும் பகுதியில் ஒரே நடிகர் இரவு இரவாகத் தனியே நின்று, மிழாவு என்னும் முழவின் முழக்கத்தோடு, முன்கதையைக் கையாலும் கண்ணாலும் சொல்கிறார். இராவணனாக வந்தவரே இடுப்பில் துணிநுனியைச் செருகிக்கொண்டு, கங்கையைக் கண்டு ஊடும் பார்வதி ஆகிறார். அடுத்த கணம் சிவன் ஆகிறார். இதைப் பகர்ன்னாட்டம் என்பார்கள். செங்குட்டுவன் முன் உமையொரு பாகனாய் ஆடி, ஒரு பாதி ஆட மறுபாதி அசையாமல் நின்ற சிலப்பதிகாரத்துக் கூத்தச் சாக்கையன் எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறான்.

முத்திரைகளில்தான் எனக்கு மனத்தடை. ஹஸ்தலக்ஷணதீபிகை என்னும் நூல் சொல்லும் 24 அடிப்படை முத்திரைகளை இணைத்து முழு வாக்கியமே அமைக்கலாம். வேற்றுமை உருபுக்குக்கூடச் சைகை இருக்கிறது. அந்த நுட்பம் வியப்புக்குரியது. ஆனால் அப்போது கை நடிப்பதை விட்டு எழுத்துக்கூட்டத் தொடங்குகிறது. கற்காதவருக்கு அது விரல்களின் வடிவம் மட்டுமே. சைகைக்கு மொழி வேண்டாம், எவருக்கும் புரியும் என்ற பேச்சு இங்கே பொய்த்துப்போகிறது.

பார்த்துப் பார்த்துப் பழகினால் புரியும் என்பார்கள். உண்மைதான். பழகுவதற்கு வாசல் திறந்திருந்ததா? கோயில் அரங்கான கூத்தம்பலத்துக்குள் எல்லாச் சாதியாரும் நுழைய முடியாத காலம் நெடியது. பின்னர் பைங்குளம் ராம சாக்கியார் என்னும் கலைஞர் கூடியாட்டத்தைக் கோயிலுக்கு வெளியே ஆடினார். 1965இல் கேரள கலாமண்டலம் கற்பிக்கத் தொடங்கியது. புரியாமைக்குக் கலையின் கடினம் மட்டும் காரணமல்ல.

வெளியே வந்த கலைக்கு இன்று பல மேடைகளில் ஒரு மணி நேரமே கிடைக்கிறது. அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது அந்த நிதானமான பார்வையாக இருந்துவிடக் கூடாது. சுருக்கத்தான் வேண்டுமென்றால் கைகள் அடுக்கும் வாக்கியங்களைக் குறைக்கட்டும். இராவணனின் கண்கள் சிகரத்தை எட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரத்தையும் கொடுக்க வேண்டும்.