நீல விளக்கும் எலி வளையும்

உணவு விடுதிச் சுவரில் நீலமாக ஒளிரும் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ஈ ஒன்று அதில் சிக்கிப் 'பட்' என்று பொரியும்போது, "சுத்தமான கடைதான்" என்று மனம் நிம்மதி கொள்கிறது. செந்துறை போன்ற சிற்றூர்களில் சாப்பிடும் நமக்கும் இந்த நிம்மதி உண்டு. இதற்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்போம்.

ஈயை இழுப்பது நீல நிறம் அன்று. நம் கண்ணுக்குப் புலப்படாத, ஏறக்குறைய 350 முதல் 370 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். குழாயின் உட்பூச்சு நாளடைவில் திறன் இழக்க, இக்கதிர் குறைகிறது. நீலமோ முன்போலவே தெரிகிறது. ஆகவே ஆண்டுக்கொரு முறை குழாயை மாற்ற வேண்டும். விளக்கை வாசலுக்கு எதிரே மாட்டினால் தெருவில் போகும் ஈயையும் அழைத்த கதைதான். மின்கம்பியில் ஈ வெடித்தால் அதன் கிருமிகளும் சிதறும். சமைக்கும் இடத்துக்கு மேலே இது இருக்கவே கூடாது. பசைத்தாளில் ஈயைப் பிடிக்கும் வகை மேல்.

அடுத்து, எலியை விரட்டுமாம் கேளா ஒலிப் பெட்டி. 40,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 9 மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே அது தடைகளைச் சுற்றி அதிகம் வளையாது. வெயிலில் மரத்தடி நிழல்போல, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒலிக்கும் நிழல் விழும். எலி குடியிருப்பதும் அங்கேதான்! காற்றும் மீட்டருக்கு ஒரு டெசிபெல்லுக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. தக்க சான்றின்றி இத்தகைய பெட்டிகளை விளம்பரப்படுத்தக் கூடாதென்று 2001இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை எச்சரித்தது.

நம் நாட்டு விதி என்ன சொல்கிறது? 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளில் நான்காம் அட்டவணை தெளிவாகவே இருக்கிறது. கட்டடத்தைப் பழுதின்றி வை. ஓட்டைகளையும் வடிகால்களையும் அடை. சன்னலுக்கு வலை போடு. உணவுப் பொருளைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரைவிட்டு விலக்கி வை. இவற்றோடு, தெளித்த மருந்தையும் தேதியையும் குறித்து வை என்கிறது. குறை விதியில் இல்லை. அதை நாம் கடைப்பிடிக்கும் முறையில்தான். மருந்து அடித்ததற்கு ரசீது உண்டு, கோப்பில் வைக்கலாம். ஓட்டையை அடைத்ததற்கு யார் ரசீது தருவார்? அதனால் எளிதில் காட்டக்கூடியது முன்னுக்கு வருகிறது. செய்ய வேண்டியது பின்னுக்குப் போகிறது.

இது வெறும் ஏட்டுக் குறை அன்று. 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில், பூச்சி ஒழிப்புப் பணியாளர் எலி மருந்து வைத்துச் சென்ற வீட்டில், இரவு உறங்கிய குடும்பத்தின் இரு குழந்தைகள் இறந்தனர். நஞ்சுக்கு எலி யார், மனிதர் யார் என்று தெரியாது. சமையற்கட்டில் அதைக் கையாள எத்தனை கவனம் வேண்டும்!

பென்சில் நுழையும் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். அதை அடைக்க ஒரு துண்டு இரும்பு வலையும் ஒரு கை சிமென்டும் போதும். சிமென்டு ஆலைகள் நிறைந்த அரியலூர் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்?

அடுத்த முறை கடைக்குப் போகையில் நீல விளக்கை மட்டும் பார்க்காதீர்கள். கதவின் அடியையும் கை கழுவும் இடத்து வடிகாலையும் பாருங்கள். மூட்டைகள் சுவரோடு ஒட்டிக் கிடந்தால் கடைக்காரரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அங்கே நாளை சாப்பிடப் போகிறவர்களும் நாம்தானே?